வண்டி வேடிக்கை அவதாருக்கு மஞ்சள் பூசினால் சுண்ணாம்பு அப்பியது போல வருகிறது, உதவுங்கள்

அம்மாபேட்டை (கேள்வி)

வணக்கம். செகண்ட் லைஃப் என்ற இணைய மெய்நிகர் உலகத்தில் நண்பர்கள் சிலர் சேர்ந்து வருகிற ஆடிக்கு ஒரு வண்டி வேடிக்கை நடத்தப் போகிறோம். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: சேலத்தில் ஆடிப் பண்டிகையின்போது குகை, அம்மாபேட்டைப் பக்கமெல்லாம் வண்டிகளை ஜோடித்து, அதன் மேல் சாமி வேஷம் கட்டியவர்களை நிறுத்தி ஊர்வலம் விடுவார்கள். அதைத்தான் அங்கே கட்டுகிறோம். வண்டி, சீரியல் லைட், பந்தல் எல்லாம் தயார். முகங்கள் என் பொறுப்பு.

மாரியம்மன் வேஷத்துக்கு நல்ல கறுப்பு ஸ்கின் (அவதாரின் தோல் படம்) ஒன்று எடுத்திருக்கிறேன். கன்னத்தில் அதன் நிறம் (சிவப்பு, பச்சை, நீலம்) 115, 75, 55. அதற்கு மேல் மஞ்சள், கண்மை, பெரிய குங்குமப் பொட்டு மூன்றையும் தனித்தனி டாட்டூ லேயராக (தோல் மேல் படியும் படமாக) கிரிட்டா என்ற ஓவிய மென்பொருளில் வரைந்தேன். கிரிட்டாவில் பார்க்க அம்மன் முகம் அப்படியே இருக்கிறது. ஏற்றி அணிந்தால் நான்கு சிக்கல்:

மஞ்சள் தோலோடு சேரவே இல்லை. வெளுப்பாக, பசை மாதிரி மேலே நிற்கிறது. பொட்டைச் சுற்றி மெல்லிய வெள்ளை வளையம். மையை அணிந்தால் பொட்டு காணாமல் போகிறது. கடைசியாக, தாடைக்குக் கீழே கழுத்தில் கோடு கிழித்த மாதிரி மஞ்சள் நின்றுவிடுகிறது.

உடம்பும் தலையும் மெஷ் (தனியாக வாங்கி மாட்டும் 3டி வடிவம்), இரண்டும் பேக்ஸ் ஆன் மெஷ்ஷில் (ஸ்கின்னையும் லேயர்களையும் மெஷ்ஷிலேயே காட்டும் வசதி) இருக்கின்றன. வியூவர் (உள்ளே நுழையப் பயன்படுத்தும் மென்பொருள்) ஃபயர்ஸ்டார்ம். ஒவ்வொரு முறையும் 10 லிண்டன் டாலர் (அந்த உலகத்துப் பணம்) கொடுத்து ஏற்றிப் பார்ப்பதும் கட்டுப்படியாகவில்லை.

அஸ்தம்பட்டி

ஸ்கின் ரொம்பக் கறுப்பு, அதுதான் காரணம். இரண்டு மூன்று ஷேடு வெளுப்பான ஸ்கின் போட்டுப் பாருங்கள், அதே மஞ்சள் அழகாக உட்கார்ந்துவிடும்.

ஏற்காடு

தயவுசெய்து ஸ்கின்னை வெளுக்க வைக்காதீர்கள். அந்த நிறத்துக்கு மஞ்சள் எவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். பிழை தோலில் இல்லை, லேயரில் இருக்கிறது. ஒன்று கேட்கிறேன் தங்கச்சி: கிரிட்டாவில் அந்த மஞ்சள் லேயர் எந்த மோடில் (கீழே உள்ள நிறத்தோடு கலக்கும் முறை) இருக்கிறது? நார்மலா, மல்டிப்ளையா? நிறமும் அடர்த்தியும் எவ்வளவு?

அம்மாபேட்டை

மல்டிப்ளை அண்ணா. நிறம் 255, 225, 120. ஒப்பாசிட்டி 40 சதவீதம்.

ஏற்காடு

நினைத்தேன். செகண்ட் லைஃப் லேயர்களை அடுக்கும்போது அதற்கு ஒரே ஒரு வழிதான் தெரியும்: கீழே இருக்கும் நிறத்தை ஆல்ஃபா (படத்தின் ஒளிபுகாத அளவு) அளவுக்கு மறைத்து, மேலே இருக்கும் நிறத்தை அதே அளவுக்கு வைக்கும். அதாவது நார்மல் மோடு. மல்டிப்ளை, ஓவர்லே, சாஃப்ட் லைட் எதுவும் அங்கே கிடையாது. ஸ்கின்னை மறைத்துவிட்டு மஞ்சள் லேயரை மட்டும் பிஎன்ஜியாக எடுக்கும்போதே மல்டிப்ளை என்பது போய்விடுகிறது. அந்த 255, 225, 120 அப்படியே 40 சதவீதத்தில் தோல் மேல் படிகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். சிவப்பு எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோலின் 115-இல் 60 சதவீதம் 69. மஞ்சளின் 255-இல் 40 சதவீதம் 102. கூட்டினால் 171. பச்சை 75-இலிருந்து 135 ஆகிறது, நீலம் 55-இலிருந்து 81 ஆகிறது. மூன்று எண்ணும் ஏறிவிட்டன, அதனால்தான் வெளுப்பு. மல்டிப்ளை மேல் நிறத்தையும் கீழ் நிறத்தையும் பெருக்கும், அதில் சிவப்பு 115-ஐத் தாண்டவே முடியாது. நிற எண்ணின் உச்சம் 255, அதனால் 255-ஆல் பெருக்குவது ஒன்றால் பெருக்குவதற்குச் சமம்.

அஸ்தம்பட்டி நண்பர் சொன்னது ஏன் வேலை செய்கிற மாதிரி தெரிகிறது என்பதும் இதிலேயே இருக்கிறது. வெளுத்த ஸ்கின்னில் சிவப்பு 230 என்றால், அதே மஞ்சள் அதை 240 ஆக்கும். பத்துதான் வித்தியாசம், கண்ணுக்குத் தெரியாது. இங்கே வித்தியாசம் 56. கடையில் கிடைக்கும் ரூஜ், ஐ ஷேடோ, ஹைலைட் பலவும் வெளுத்த ஸ்கின்னில் வைத்துப் பார்த்தே செய்யப்படுவதால்தான் நம் நிறத்து அவதார்களில் சாம்பல் பூத்துத் தெரிகின்றன. தோல் கறுக்கக் கறுக்க இந்தப் பிழை பெரிதாகிக்கொண்டே போகும். எனக்கு இது வெறும் தொழில்நுட்ப விஷயமாகத் தோன்றுவதில்லை. நம் முகம் அழகாக வராமல் போவதற்குத் தோலைக் காரணம் சொல்லி ஒதுங்கிவிடுகிறோம், பெருக்கலைச் சரிபார்ப்பதில்லை.

சரி, திருத்தம். நார்மல் மோடிலேயே வரையுங்கள், நிறத்தைத் தோலை ஒட்டி இறக்குங்கள். 150, 100, 20 எடுத்து 35 சதவீதத்தில் வையுங்கள். 127, 84, 43 வரும். சிவப்பும் பச்சையும் லேசாக ஏறும், நீலம் 55-இலிருந்து 43-க்கு இறங்கும். நம் தோலில் மஞ்சளைக் காட்டுவது அந்த நீலம் இறங்குவதுதான். மஞ்சள் பூசிக் குளித்த முகத்தைப் பக்கத்தில் பார்த்திருப்பீர்களே, தோல் வெளுக்காது, பொன் ஓடும். கன்னத்து மேட்டிலும் மூக்குத் தண்டிலும் சற்றுக் கூடுதலாக, கண் குழியில் குறைவாக வையுங்கள்.

நிழலுக்கு ஒரு குறிப்பு. மல்டிப்ளையில் சாம்பல் நிறத்தால் போட்ட நிழலாக இருந்தால் அதை அப்படியே கறுப்பும் ஆல்ஃபாவுமாக மாற்றிவிடலாம். கிரிட்டாவில் கலர் டு ஆல்ஃபா ஃபில்டரில் வெள்ளையைக் கொடுத்தால் போதும். ஆனால் நிறம் உள்ள லேயருக்கு இந்த வழி ஒத்துவராது, அதை மேலே சொன்ன மாதிரி கையால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அம்மாபேட்டை

அண்ணா, 150, 100, 20 போட்டேன். முகத்தில் பொன் ஓடுகிறது! சூலமும் வேப்பிலையும் கையில் கொடுத்து நிறுத்திப் பார்த்தேன், உடம்பு சிலிர்த்துவிட்டது. பொட்டு, கழுத்து விஷயம் யாராவது சொல்லுங்களேன்.

சூரமங்கலம்

பொட்டு மறைவதற்குக் காரணம் சுலபம். இன்வென்டரியில் (உங்கள் பொருட்களின் பட்டியல்) டபுள் கிளிக் செய்தாலோ 'வேர்' கொடுத்தாலோ அதே வகையில் ஏற்கெனவே போட்டிருந்தது கழன்றுவிடும். மூன்றும் டாட்டூ வகை, அதனால் ஒன்றை ஒன்று தள்ளுகிறது. ரைட் கிளிக் செய்து 'ஆட்' கொடுங்கள், மூன்றும் நிற்கும். கடைசியாகச் சேர்த்தது மேலே இருக்கும். மாற்ற வேண்டுமானால் அவுட்ஃபிட்டைத் திருத்தும் பலகத்தில் மேல், கீழ் அம்புகள் உண்டு. மஞ்சள் அடியில், அப்புறம் மை, எல்லாவற்றுக்கும் மேலே குங்குமம். யுனிவர்சல் என்ற இன்னொரு லேயர் வகையில் ஏதாவது போட்டிருந்தால் அது டாட்டூவுக்கு மேலேதான் உட்காரும், அம்பு அதை நகர்த்தாது. அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2019-இல் பேக்ஸ் ஆன் மெஷ் வருவதற்கு முன்னால் இதற்கெல்லாம் அப்ளையர் (மேக்கப் படத்தை மெஷ்ஷில் ஏற்றும் கருவி) வைத்துக்கொண்டு, மெஷ் மேல் மெஷ்ஷாக அடுக்கிக்கொண்டிருந்தோம். இப்போது எல்லாம் ஒரே டெக்ஸ்சராக (வடிவத்தின் மேல் ஒட்டும் படம்) கலந்துவிடுவதால் அடுக்கின் வரிசை சரியாக இருந்தால் மற்றது தானாக வரும்.

வெள்ளை வளையம்: கண்ணுக்குத் தெரியாத புள்ளிக்கும் ஒரு நிறம் உண்டு. பொட்டுக்கு வெளியே முழுக்க ஒளிபுகும் இடத்தில் ஒளிந்திருக்கும் நிறம் வெள்ளையாக இருந்தால், படம் சுருங்கும்போதும் தூரத்திலிருந்து பார்க்கும்போதும் ஓரத்துப் புள்ளிகள் அந்த வெள்ளையோடு கலந்துவிடும். பொட்டுக்கு அடியில் ஒரு லேயர் போட்டு, படம் முழுவதையும் அதே குங்கும நிறத்தால் நிரப்பி, ஒப்பாசிட்டியை 1 சதவீதம் ஆக்கிவிடுங்கள். முகத்தில் எதுவும் தெரியாது, ஓரம் குங்குமத்தோடு முடியும். மைக்கும் இதே வைத்தியம், அங்கே அடிநிறம் கறுப்பு.

காசு கொடுக்காமல் சோதிக்க, டெக்ஸ்சர் தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'லோக்கல்' என்று இருக்கும். கணினியில் உள்ள கோப்பை அங்கே காட்டுங்கள். கிரிட்டாவில் சேமிக்கச் சேமிக்க முகத்திலும் மாறிக்கொண்டே வரும். உங்களுக்கு மட்டும்தான் தெரியும், அதனால் எல்லாம் திருப்தியான பிறகு ஒரே முறை ஏற்றி, லோக்கல் இருந்த இடத்தில் அதை வைத்துவிடுங்கள். சோதிக்கும்போது உலகம் மெனுவில் சூழலை நடுப்பகலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அந்தி வெளிச்சத்தில் எந்த மஞ்சளும் நன்றாகத்தான் தெரியும்.

குகை

எங்கள் வீட்டில் வண்டி வேடிக்கைக்கு வேஷம் போட்டுவிடும் வேலை உண்டு, அப்பா காலத்திலிருந்து. கணினி விஷயம் எனக்கு அரைகுறை. கழுத்துக் கோடு பற்றி மட்டும் சொல்கிறேன்.

அரிதாரம் பூசும்போது முகத்தோடு நிறுத்த மாட்டோம். காது மடலின் பின்பக்கம், பிடரி, கழுத்துக் குழி, அப்புறம் ரவிக்கை விளிம்புக்கு உள்ளே இரண்டு விரல் அகலம் வரை போகும். வண்டி உயரத்தில் இருக்கும், ஜனங்கள் கீழேயிருந்து அண்ணாந்து பார்ப்பார்கள். அவர்கள் கண்ணில் முதலில் படுவது தாடைக்கு அடிப்பாகமும் கழுத்தும்தான். அங்கே நிறம் விட்டுப்போனால் முகம் தனியாக ஒட்டவைத்த மாதிரி ஆகிவிடும். கையும் அப்படித்தான். சூலம் பிடித்த கை வேறு நிறமாக இருந்தால் அம்மனாகத் தெரியாது.

இன்னொன்று, அம்மன் வேஷத்துக்கு மஞ்சளை முகம் பூராவும் ஒரே சீராகப் பூச மாட்டோம். மயிர்க்கால் ஓரம், புருவத்துக்கு மேல், மூக்கோரம் இங்கெல்லாம் கொஞ்சம் தேங்கி நிற்கும், கன்னத்தில் தேய்ந்திருக்கும். அந்தச் சீரில்லாமைதான் உயிர். உங்கள் பொட்டையும் காம்பஸ் வைத்த வட்டமாகப் போடாதீர்கள். விரலால் வைத்த குங்குமத்தில் ஓரம் உதிரும், மூக்கு மேல் இரண்டு பொடி விழும். அதை அந்த மெல்லிய ஓரத்தில் வரைந்துவிடுங்கள் பாப்பா.

ஏற்காடு

குகை அண்ணன் சொன்னதைக் கணினி பாஷையில் சொல்கிறேன். டாட்டூ லேயரில் தலை, மேலுடம்பு, கீழுடம்பு என்று மூன்று இடம் உண்டு. நீங்கள் தலைக்கு மட்டும் படம் கொடுத்திருக்கிறீர்கள், அதனால்தான் தலை டெக்ஸ்சர் முடியும் இடத்தில் மஞ்சளும் முடிகிறது. மேலுடம்புக்கும் ஒரு படம் செய்து, கழுத்துத் தையலில் இரண்டிலும் அதே நிறம், அதே 35 சதவீதம் இருக்கும்படி வைத்து, தோள்பட்டைக்குப் போகப் போகக் கரைத்துவிடுங்கள். கை மஞ்சளையும் அதே படத்திலேயே வரைந்துவிடலாம். அதற்குப் பிறகும் மெல்லிய கோடு தெரிந்தால் மஞ்சளைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கோடு அப்போதும் இருந்தால் அது தலைக்கும் உடம்புக்கும் உள்ள ஸ்கின் வித்தியாசம். இரண்டும் ஒரே கடையின் ஒரே ஷேடாக இருக்க வேண்டும்.

பொட்டு நடுநெற்றியில் உட்காராமல் நகர்ந்தாலோ, வட்டம் நீண்டாலோ யூவி (படத்தின் எந்தப் பகுதி முகத்தில் எங்கே விழும் என்ற வரைபடம்) மாறியிருக்கிறது என்று அர்த்தம். லெலுட்கா ஈவோ எக்ஸ் போன்ற மெஷ் தலைகளுக்குத் தனி யூவி உண்டு. பழைய செகண்ட் லைஃப் டெம்ப்ளேட்டில் வரைந்தது அதில் பொருந்தாது. முதலில் எண் போட்ட கட்டப் படம் ஒன்றை முகத்தில் போட்டு, நெற்றி எந்தக் கட்டத்தில் விழுகிறது என்று பார்த்துவிட்டு வரையுங்கள்.

பின்னால் நீங்களே ஸ்கின் வரையப் போவதாக இருந்தால், மாதிரிக்கு எடுக்கும் போட்டோவைச் சேலத்து வெயிலில் எடுக்காதீர்கள். மூக்கு நிழலும் நெற்றிப் பளபளப்பும் படத்திலேயே பதிந்துவிடும், அவதார் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நிழல் கூடவே வரும். இங்கே ஏற்காட்டில் மேகம் இறங்கிய காலையில் வராந்தாவில் நிறுத்தி எடுத்தால் வெளிச்சம் நாலா பக்கமும் சமமாக விழும், முகத்தில் தோலின் நிறம் மட்டும் கிடைக்கும். என் ஸ்கின்களுக்கு அப்படித்தான் எடுக்கிறேன். எங்கள் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் அக்காமார்களிடம் கேட்டு, சம்மதித்தவர்களை மட்டும் எடுத்து, முடிந்ததும் அவர்களிடம் காட்டிவிடுவேன். மோவாய்க்குக் கீழ், கண்ணைச் சுற்றி, உதட்டோரம் என்று ஒரு முகத்துக்குள்ளேயே எத்தனை பழுப்பு இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

அம்மாபேட்டை

கழுத்துக் கோடு போயே போய்விட்டது. வளையமும் இல்லை. குகை அண்ணா சொன்ன மாதிரி மூக்கு மேல் இரண்டு பொடி குங்குமம் போட்டேன், அதைப் பார்த்துவிட்டு என் அம்மாவே 'யாரு இது, நம்ம கோயில்ல பார்த்த மாதிரி இருக்கு' என்று கேட்டார்.

கடைசியாக ஒரு சந்தேகம். வண்டியில் அம்மனோடு இன்னும் நான்கு பேர் நிற்கிறார்கள், ஒவ்வொருவர் ஸ்கின்னும் ஒவ்வொரு நிறம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மஞ்சள் செய்து ஏற்ற வேண்டுமா?

சூரமங்கலம்

வேண்டாம். மஞ்சள் படத்தை முழுக்க வெள்ளையாகச் செய்து, வடிவத்தையும் அடர்த்தியையும் ஆல்ஃபாவில் மட்டும் வையுங்கள். அடியில் போடும் 1 சதவீத லேயரும் வெள்ளையாகவே இருக்கட்டும். தலைக்கு ஒன்று, மேலுடம்புக்கு ஒன்று என்று ஒரு முறை ஏற்றினால் போதும். டாட்டூ லேயரைத் திருத்தும் இடத்தில் நிறம் மாற்றும் பெட்டி இருக்கிறது, அங்கே கொடுக்கும் நிறத்தால் படம் முழுவதும் பெருக்கப்படும். வெள்ளையைப் பெருக்கினால் நீங்கள் கொடுத்த நிறமே வரும். ஓரத்தில் ஒளிந்திருக்கும் வெள்ளையும் அதே நிறமாகிவிடுவதால் வளையத்துக்கும் வழியில்லை.

நான்கு பிரதி எடுத்து, அவரவர் கன்னத்து நிறத்தைப் பார்த்து நிறம் கொடுங்கள். சிவப்பும் பச்சையும் அந்தத் தோலைவிட இருபது முப்பது கூடுதலாக, நீலம் நன்றாகக் குறைவாக இருக்கட்டும். பிரதியை மற்றவர்களுக்குக் கொடுக்கும்போது மாடிஃபை (திருத்தும்) அனுமதியோடு கொடுங்கள், இல்லாவிட்டால் அவர்களால் நிறத்தைத் தொட முடியாது.