பதில் கடிதமும் உள்ளேயே வரும் ஜப்பானியப் பாடல்கள் வேறு உண்டா?

கேள்வி:

வணக்கம். ஜப்பானுக்கு வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வாரம் அலுவலக நண்பர்களோடு கரோக்கே போயிருந்தோம். யாரோடும் அதிகம் பேசாத ஒருவர் எழுந்து ஆஞ்செலா அகியின் ‘தெகாமி’ பாடினார். தெகாமி என்றால் கடிதம். பதினைந்து வயதுப் பிள்ளை, வருங்காலத்தில் இருக்கும் தனக்கே எழுதுகிறது. அடுத்த சரணத்தில், பெரியவராகிவிட்ட அதே ஆள் பதில் எழுதுகிறார். இரண்டு கடிதமும் ‘ஹைகேய்’ என்றுதான் தொடங்குகின்றன. அலுவல் கடிதங்களின் தலையில் மட்டுமே நான் பார்த்திருந்த சொல் அது. ஒரு பிள்ளை அத்தனை மரியாதையாகத் தன்னையே அழைப்பதைக் கேட்டதும் தொண்டை அடைத்துக்கொண்டது.

எழுதுபவர் குரலும் பெறுபவர் குரலும் இப்படி ஒன்றாகக் கேட்கும் பாடல்கள் வேறு இருந்தால் சொல்லுங்கள். பழையதானாலும் சரி. வரிகளை அகராதி வைத்துப் படித்துக்கொள்வேன்.

பதில் 1:

தம்பி, அந்தப் பாட்டை என் மகளின் நடுநிலைப் பள்ளி நிறைவு விழாவில்தான் நான் முதலில் கேட்டேன். மார்ச் மாதம், குளிர்ந்துபோன விளையாட்டுக் கூடம், வீட்டிலிருந்து கொண்டுபோன செருப்பு காலில். பிள்ளைகள் எங்கள் பக்கம் திரும்பி நின்று பாடினார்கள். பிள்ளையின் கடிதம் முடியும்வரை தாங்கிக்கொண்டேன். பெரியவரின் பதில் வந்தது. வளர்ந்த பிறகும் காயப்படுகிறேன், தூக்கம் வராத இரவுகள் எனக்கும் உண்டு என்று அவர் ஒப்புக்கொள்ளும் இடத்தில் என்னால் முடியவில்லை. அதைப் பாடுகிறவர்களுக்கு வயது பதினைந்து. அந்த வரி உண்மை என்று தெரிந்தவர்கள் எதிரே உட்கார்ந்திருந்த நாங்கள்.

ஜப்பானின் பொது ஒளிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. நடத்தும் பள்ளி இசைப் போட்டிக்காக, 2008-இல் நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்கு எழுதப்பட்ட பாட்டு அது. ஆஞ்செலா அகி பதின்ம வயதில் தனக்கே எழுதி வைத்த கடிதத்தை, அவருடைய முப்பதாவது பிறந்தநாளுக்கு அம்மா அனுப்பி வைத்தாராம். அதிலிருந்து பிறந்தது.

நீங்கள் கேட்டதற்கு அப்படியே பொருந்துவது ‘மொமென் நோ ஹங்காச்சீஃபு’, பருத்திக் கைக்குட்டை. 1975 டிசம்பரில் வந்தது, ஓதா ஹிரோமி பாடியது. வரிகள் மட்சுமோதோ தகாஷி, இசை ட்சுட்சுமி க்யோஹெய். நான்கு சரணம். ஒவ்வொன்றிலும் முதல் பாதி நகரத்துக்குப் போன பையன், மறுபாதி ஊரில் இருக்கும் பெண். கடிதம் என்ற சொல் முன்னால் நிற்காது, ஆனால் கேட்டால் கடிதப் போக்குவரத்துதான். அவன் மோதிரம் அனுப்புகிறான், கோட்டு சூட்டு போட்ட படத்தைப் பார் என்கிறான். அவள் எதையும் கேட்பதில்லை, நகரத்து நிறம் ஒட்டாமல் திரும்பி வா என்பதைத் தவிர. நான்காவது சரணத்தில் அவன் இனி வரமாட்டேன் என்கிறான். அப்போதுதான் முதல்முறையாக ஒரு பரிசு கேட்கிறாள், கண்ணீர் துடைக்க ஒரு கைக்குட்டை. மெட்டு என்னவோ துள்ளலாகவே போகும். அதுதான் நெஞ்சைப் பிசைகிறது.

அப்புறம், மனம் தெளிவாக இருக்கும் நாளில் சதா மசாஷியின் ‘ட்சுகுனாய்’ (1982) கேளுங்கள். ட்சுகுனாய் என்றால் செய்த பிழைக்கு ஈடு செய்வது. வண்டி ஓட்டும் ஓர் இளைஞன் விபத்தில் ஒருவரைக் கொன்றுவிடுகிறான். ஒவ்வொரு மாதமும் சம்பள உறையைப் பிரிக்காமல் தெருமுனைத் தபால் நிலையத்துக்கு ஓடி, இறந்தவரின் மனைவிக்குப் பணம் அனுப்புகிறான். ஏழாவது வருடம் முதல்முறையாக அந்த அம்மாவிடமிருந்து கடிதம் வருகிறது. உங்கள் மனம் புரிகிறது, ஆனால் தயவுசெய்து பணம் அனுப்புவதை நிறுத்துங்கள், உங்கள் கையெழுத்தைப் பார்க்கும்போதெல்லாம் கணவர் நினைவு வந்து வலிக்கிறது என்று. ஏழு வருடம் அவன் அனுப்பியது பணம். அவர் வாங்கியது கையெழுத்து. கடிதம் பெறுவது பற்றி இதைவிட நேர்மையாக எழுதிய பாட்டு எனக்குத் தெரியாது. 2002-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்ற நீதிபதி ஒருவர், தீர்ப்பு சொன்னபின் குற்றவாளிகளான இரண்டு இளைஞர்களிடம் இந்தப் பாட்டைக் கேட்டதுண்டா என்று கேட்டார்.

பதில் 2:

அக்கா சொன்ன வரிசையில் குழந்தைப் பாட்டு ஒன்றைச் சேர்க்கிறேன், ‘யாகிசான் யூபின்’. மாதோ மிச்சியோ எழுதியது. வெள்ளை ஆட்டிடமிருந்து கடிதம் வருகிறது, கருப்பு ஆடு படிக்காமல் தின்றுவிடுகிறது. வேறு வழியில்லாமல், என்ன எழுதியிருந்தீர்கள் என்று கேட்டுக் கடிதம் போடுகிறது. அதை வெள்ளை ஆடு தின்றுவிடுகிறது. சொற்கள் எளிது, அகராதியே வேண்டாம்.

கேட்டவர்:

ரொம்ப நன்றி அக்கா. ‘ட்சுகுனாய்’ நேற்றிரவு கேட்டேன். அந்த அம்மாவின் கடிதம் வரும் இடத்தில் நிறுத்திவிட்டு, அந்த நான்கைந்து வரிகளையும் நோட்டில் கையால் எழுதினேன். கடிதம் கிடைக்கும் அந்த நொடியைப் பற்றி மட்டும் பாட்டு உண்டா?

பதில் 1:

உண்டு. யூமிங் என்று எல்லோரும் அழைக்கும் மட்சுதோயா யூமியின் ‘ஆஓய் எஅமெய்ரு’, 1979. நீல நிற வான்தபால். பெட்டியில் கடிதம் விழுகிறது, மழையில் நனைவதற்குள் ஓடிப்போய் எடுக்கிறாள். பொறுக்க முடியாமல் குடையைக் கன்னத்தால் இடுக்கிக்கொண்டு அங்கேயே பிரிக்கிறாள். அவனுடைய கோணல் எழுத்தைப் பார்த்ததும் கால் நகரவில்லை. மழை நாளில் கேளுங்கள், தம்பி.