நம்மைப் பார்க்காத பெண்: ஹேமர்ஷோய் ஓவியத்தின் முன் நின்ற அனுபவங்கள்

கோபன்ஹேகனில் அலுவலக வேலை முடிந்து அரைநாள் மிச்சம் இருந்தது. வெளியே மழை. பூங்கா ஓரத்தில் இருக்கும் ஹிர்ஷ்ப்ருங் அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினேன். புகையிலைத் தொழிலில் சம்பாதித்த ஹைன்ரிஷ் ஹிர்ஷ்ப்ருங் சேர்த்த டேனிஷ் ஓவியங்களுக்காக 1911இல் திறந்த இடம். நான் தேடிப் போனது டேனிஷ் ஓவியர் குரோயர் வரைந்த, டென்மார்க்கின் வடகோடியிலுள்ள ஸ்காகன் கடற்கரை மாலையை. பார்த்தேன், அழகுதான், நீலம் அள்ளுகிறது. ஆனால் என்னை உட்கார வைத்தது வேறொரு படம்.

டேனிஷ் ஓவியர் வில்ஹெல்ம் ஹேமர்ஷோய் 1885இல் தன் தங்கை அன்னாவை வரைந்தது. (இரண்டு சுழி 'ன'தான். மூன்று சுழி போட்டால் உறவே மாறிவிடும்.) கறுப்பு உடை, பின்னால் வெளிறிய கதவு. நகை இல்லை, சிரிப்பு இல்லை. கண் எங்கேயோ இருக்கிறது. அவள் பார்வை படும் இடத்தில் போய் நிற்கலாம் என்று இடமும் வலமும் நகர்ந்து பார்த்தேன். எங்கே நின்றாலும் நான் அவள் கண்ணில் படவில்லை. காவலாளிக்குத்தான் என் மேல் சந்தேகம் வந்திருக்கும்.

அப்போது ஹேமர்ஷோய்க்கு வயது இருபதோ இருபத்தொன்றோதான். இந்தப் படத்துக்கு டேனிஷ் கலை அகாதமி 'நாய்ஹவுசன்' என்ற ஓவியப் பரிசைத் தர மறுத்தது. சக ஓவியர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். 1888இல் அதே அன்னா தையல் வேலை செய்யும் ஓவியத்தை அகாதமியின் ஆண்டுக் கண்காட்சியான சார்லொட்டன்போர்க்கும் திருப்பி அனுப்பியது. ஒரே தங்கை, இரண்டு முறை 'வேண்டாம்'. இப்படி ஒதுக்கப்பட்டவர்களுக்கு 1891இல் 'சுதந்திரக் கண்காட்சி' என்று தனி மேடையே அமைந்தது. பரிசு கொடுத்திருந்தால் விஷயம் அதோடு முடிந்திருக்கும்!

—

மேலே எழுதியவர் சொல்லும் அன்னா படத்தை நானும் பார்த்திருக்கிறேன். எனக்கு முகத்தைவிடக் கைகள்தான் உறுத்தின. வேலையைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போனது மாதிரி மங்கலாக இருக்கும். நடுவர்களுக்கும் அதுதான் பிடிக்காமல் போனதோ என்னவோ. அடுத்த முறை போனால் அதே பூங்காவை ஒட்டிய தேசிய ஓவியக்கூடத்துக்கும் போய் வாருங்கள். ஹேமர்ஷோய் தான் மணக்கவிருந்த ஈடாவை 1890இல் வரைந்த படம் அங்கே இருக்கிறது. ஈடா நேராகத்தான் உட்கார்ந்திருக்கிறாள், ஆனாலும் நம்மோடு பேச வந்தவள் போல இல்லை. இந்த மனிதர் வீட்டுப் பெண்களை வரைந்தபோதெல்லாம் அறைக்கு வெளியே நின்றுதான் வரைந்தாரோ என்று தோன்றியது.

—

சரி, மூன்றாவது ஆளாக என் மாற்றுக் கருத்தும் ஒன்று இருக்கட்டும். எனக்கு அன்னா படம் பிடிக்கவில்லை. சாம்பல், மேலும் சாம்பல். இரண்டு நிமிடத்தில் நகர்ந்துவிட்டேன். என் மனைவி மட்டும் வெகுநேரம் நின்றார். வெளியே வந்ததும் கேட்டார்: "அந்தப் பொண்ணை எவ்வளவு நேரம் உட்கார வெச்சிருப்பாரு? நடுவுல ஒரு காபியாவது கொடுத்திருப்பாரா?"