இரண்டு சுருள் கச்சான்

2004இல் வெளிநாடு போனேன். மூதூர்ப் பக்கம் எங்கள் ஊர் சேனையூருக்குத் திரும்பியது 2023இல். நடுவில் அப்பா போய்விட்டார். அந்தச் செத்தவீட்டுக்கு என்னால் வர முடியவில்லை, விசாப் பிரச்சினை. 2006 போர் இடம்பெயர்வில் வீட்டுப் படங்களும் தொலைந்ததால், அப்பாவின் முகத்தைப் பார்க்க ஒரு படம்கூட எங்களிடம் இல்லை.

கொழும்புக் கோட்டை ஸ்டேஷனிலிருந்து இரவு ரயில். விடியவே திருகோணமலையில் இறங்கி, உவர்மலையில் சித்தி வீட்டில் குளித்துவிட்டு, கோணேசர் கோயிலுக்குப் போய்க் கும்பிட்டேன். கோயிலுக்குப் போகும் வழியிலுள்ள பழைய கோட்டை வாசலில் மான்கள் அன்று போலவே வழியை மறித்துக்கொண்டு நின்றன. பின்னேரம்தான் மூதூர் பஸ் எடுத்தேன்.

நாங்கள் படித்த காலத்தில் இந்தப் பயணம் அரை நாளைத் தின்றுவிடும். கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று துறைக்குத் துறை பாதைக்குக் காத்துக் கிடக்க வேண்டும். (வெளியூர் ஆட்களுக்காக: வாகனத்தையும் ஆட்களையும் ஏற்றிக் கரை சேர்க்கும் மிதவையைத்தான் எங்கள் பக்கம் பாதை என்போம்.) இப்போது எல்லாம் பாலம். கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலத்தை 2009இல் திறந்தபோது படத்தில் பார்த்திருந்தேன். ஆனால் பஸ் ஏறிய வேகத்தில் இறங்கிவிட்டது. ஜன்னலால் எட்டிப் பழைய துறையைத் தேடுவதற்குள் மறுகரை வந்துவிட்டது.

பக்கத்தில் தொப்பி போட்ட வயதான ஒருவர். மடியில் கச்சான் (நிலக்கடலை) கூடை. "என்ன தம்பி தேடுறீங்க?" என்றார்.

"பாதை நிண்ட இடம், காக்கா." (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் காக்கா என்போம்.)

"நான் அதிலதான் கச்சான் வித்த. நீங்க எந்த ஊர்?"

சேனையூர் என்றேன். திருகோணமலையில் படிப்பித்த மாஸ்டரின் மகன் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார்.

"சைக்கிளோட வருவாரே, கம்பிக்கரைக் குடை? வெள்ளிக்கிழமைல ரெண்டு சுருள் வாங்குவார். ஒண்டு உப்புப் போடாம."

கம்பிக்கரைக் குடை! அது எனக்கே மறந்துபோயிருந்தது. அப்பா அதை ஹாண்டிலில் கொழுவிக்கொண்டு, சைக்கிளைப் பிடித்தபடி பாதையின் ஓரத்தில் நிற்பது அப்படியே கண்ணில் வந்தது. தொண்டை அடைத்துவிட்டது. காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார், வேறு எதுவும் கேட்கவில்லை.

பாதை திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். காய்ச்சலில் தூக்கிப்போட்ட என் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு, பாதை மறுகரையிலிருந்து வரும்வரை அம்மா இருட்டில் அழுததை நான் பார்த்தவன். 2021 நவம்பரில்கூட, கிண்ணியாவில் பாலமில்லாமல் இருந்த குறிஞ்சாக்கேணித் துறையில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் செத்தார்கள். பாலம் வேண்டும், எல்லாத் துறைக்கும் வேண்டும். ஆனால் அந்தக் காத்திருப்பில்தான் சேனையூர் மாஸ்டரும் கிண்ணியாக் கச்சான் வியாபாரியும் இத்தனை வருடம் ஒருவரையொருவர் தெரிந்து வைத்திருந்தார்கள். பஸ்ஸுக்குள் ஆளாளுக்குப் போனைப் பார்த்துக்கொண்டு போகிற இந்த ஒரு நிமிடத்தில் அது நடக்காது.

காக்கா கிண்ணியாவில் இறங்கும்போது கூடையில் மிஞ்சிக் கிடந்த இரண்டு சுருளை என் கையில் திணித்தார். காசு நீட்டினேன், வாங்கவில்லை. "மாஸ்டர்ட கணக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் அம்மா நன்றாக மெலிந்திருந்தார். அழுது முடித்து, தேத்தண்ணி குடித்து, அப்புறம்தான் சுருளை எடுத்துக் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அம்மா கடுதாசியைப் பிரித்து மணந்து பார்த்தார்.

"உப்புப் போட்டதோ?"

"ஓம் அம்மா. உப்புப் போடாதது ஆருக்கு?"

"எனக்குத்தான். பிரஷர் எண்டு டொக்டர் சொன்ன நாளிலயிருந்து, ஒரு வெள்ளிக்கிழமை தவறவிட்டதில்லை அந்த மனிசன்."

பிறகு நாலைந்து கொட்டையைத் தோல் நீக்கி, உப்பை விரலால் தட்டிவிட்டு, ஒவ்வொன்றாக வாயில் போட்டார்.