குடும்பப் புகைப்படங்களை ஆண்டு வாரியாக அடுக்குவதா, ஆட்கள் வாரியாக அடுக்குவதா?

கேள்வி

வணக்கம். அப்பாவின் மறைவுக்குப் பிறகு, வீட்டிலிருந்த புகைப்படங்கள் அனைத்தும் என் பொறுப்புக்கு வந்திருக்கின்றன. ஒரு தகரப்பெட்டி நிறைய உதிரிப் படங்கள், பசைத் தாளின் மேல் பிளாஸ்டிக் உறை மூடிய பழைய ஆல்பங்கள், ஸ்டுடியோவில் கழுவிக் கொடுத்த உறையிலேயே நெகட்டிவுடன் இருக்கும் கட்டுகள் என எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆண்டு வாரியாக அடுக்கலாம் என்றால், பாதிப் படங்களுக்கு ஆண்டு தெரியவில்லை. ஆட்கள் வாரியாகப் பிரிக்கலாம் என்றால், ஒரே படத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். அதை யாருடைய கட்டில் வைப்பது? ஆல்பத்துப் படங்கள் தாளோடு ஒட்டிக்கொண்டு வர மறுக்கின்றன. இவற்றையெல்லாம் எந்த வரிசையில் செய்வது, எதில் வைத்தால் என் பிள்ளைகள் காலம் வரை கெடாமல் இருக்கும் என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் பெரிதும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

அடுக்கும் வேலையைச் சிறிது காலம் ஒத்திவையுங்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். இப்போது கலைந்து கிடப்பதாகத் தோன்றும் அந்தக் கட்டுகளுக்குள்ளேயே ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரே உறையில் இருக்கும் படங்கள் பெரும்பாலும் ஒரே பிலிம் சுருளில் எடுக்கப்பட்டவை. அவற்றில் ஒன்றுக்கு ஆண்டு தெரிந்துவிட்டால், மற்றவற்றுக்கும் ஏறக்குறைய தெரிந்ததாகிவிடும். அந்தக் கட்டைப் பிரித்து ஆளுக்கொரு பக்கமாகப் போட்டுவிட்டால், அந்தத் தொடர்பை மீட்கவே முடியாது. ஆகவே, ஒவ்வொரு உறைக்கும் ஆல்பத்துக்கும் ஓர் எண் கொடுத்து, ஆல்பத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் இருக்கிறபடியே கைபேசியில் படமெடுத்த பிறகுதான் எதையும் அசைக்க வேண்டும்.

நெகட்டிவை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். 35 மில்லிமீட்டர் பிலிமின் ஓரத்தில், ஒவ்வொரு படத்துக்கும் கீழே வரிசை எண் பதிந்திருக்கும். எது முன்னால் எடுத்தது, எது பின்னால் எடுத்தது என்பதை அதைக் கொண்டே சொல்லிவிடலாம். 1960-களில் கோடக் நிறுவனத்தின் கூடங்களில் அச்சான படங்கள் பலவற்றின் வெள்ளை ஓரத்தில் மாதமும் ஆண்டும் இருக்கும். ஆனால் அது படம் அச்சான மாதமே தவிர, எடுத்த மாதம் அன்று. படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழும் தேதியையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. பேட்டரி மாற்றியபின் கேமராவில் தேதியைச் சரியாக அமைக்காதவர்கள் பலர்.

இதையெல்லாம்விட அவசரமான வேலை ஒன்று உண்டு. குடும்பத்துப் பெரியவர்களிடம் படங்களைக் காட்டிப் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். பெட்டியும் ஸ்கேனரும் அடுத்த ஆண்டும் கிடைக்கும். அவர்களுடைய நினைவு அப்படிக் காத்திருக்காது. ஒரு தடவைக்குச் சில படங்களை மட்டும் காட்டி, அவர்கள் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்துகொள்ளுங்கள். எடுத்த எடுப்பில் "இது யார்?" என்று கேட்காமல், "இது எந்த வீடு?" என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் பெரியம்மாவுக்கு ஒரு படத்தில் முகங்கள் எதுவும் பிடிபடவில்லை. ஆனால் பின்னாலிருந்த ஜன்னலின் உடைந்த கம்பியைப் பார்த்ததும் அது எந்த வீடு என்று சொல்லி, அப்போது அங்கே குடியிருந்தவர்களை ஒவ்வொருவராக அடையாளம் காட்டினார். எழுதும்போது "சித்தி", "மாமா" என்று மட்டும் எழுதாமல், முழுப்பெயரை இடமிருந்து வலமாக வரிசைப்படி எழுதுங்கள். உறுதியில்லாத பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இருக்கட்டும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். எதில் எழுதுவது, எதில் வைப்பது என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்களின் பின்புறம் சாதாரணத் தாள்தான். படத்தைக் கடினமான மேசைமேல் கவிழ்த்து வைத்து, மென்மையான பென்சிலால் ஓரத்தில் அழுத்தாமல் எழுதலாம். 1970-களுக்குப் பிந்தைய படங்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்புறம் பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் பென்சில் பிடிக்காது. பால்பாயிண்ட் பேனாவோ முன்பக்கம் தடம் விழும்படி அழுத்தும், மையும் அடுத்த படத்தில் ஒட்டும். இத்தகைய படங்களை உறையிலிட்டு, உறையின்மேல் எழுதிவிடுவது நல்லது. படத்தை உள்ளே வைக்கும் முன்பே எழுதிவிடுங்கள்.

உறையும் பெட்டியும் அமிலமற்ற தாளால் ஆனவையாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக் உறைதான் வேண்டுமென்றால் பாலியெஸ்டர், பாலிபுரோப்பிலீன், பாலிஎத்திலீன் ஆகிய மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பிவிசி வேண்டவே வேண்டாம். நாளாக நாளாக அதிலிருந்து வெளியேறும் அமில வாயு படத்தைக் கெடுத்துவிடும். புகைப்படங்களோடு சேர்த்து வைப்பதற்கு ஏற்ற பொருள்களா என்று கண்டறிய ஐஎஸ்ஓ 18916 என்னும் சோதனையே இருக்கிறது. வாங்கும் பொருளில் அந்த எண் குறிப்பிடப்பட்டிருந்தால் நம்பி வாங்கலாம். ரப்பர் பேண்டில் உள்ள கந்தகம் கறுப்பு வெள்ளைப் படத்தின் வெள்ளியைத் தாக்கும், ஜெம் கிளிப் துருப்பிடிக்கும். ஆகவே இரண்டையும் இன்றே கழற்றிவிடுங்கள்.

பெட்டி இருக்கும் இடமும் பெட்டியைப் போலவே முக்கியமானது. கூரையை ஒட்டிய பரணில் வெப்பம் மிகுதி. தரையில் வைத்தால் ஈரம் ஏறும். வீட்டின் உட்புற அறையில், வெளிச்சுவரைத் தொடாத அலமாரியின் நடுத்தட்டுதான் தகுந்த இடம். காற்றின் ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காட்டுக்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் போனால் பூஞ்சை பிடிக்கும், இராமபாணப் பூச்சியும் வந்து சேரும். படத்தின் மேலுள்ள ஜெலட்டின் படலம் அந்தப் பூச்சிக்கு உணவு. வண்ணப் படங்கள் இருட்டில் இருந்தாலும் மெல்ல நிறம் மாறக்கூடியவை என்பதால், ஸ்கேன் செய்வதை அவற்றிலிருந்தே தொடங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒட்டிக்கொண்ட ஆல்பத்தைப் பற்றியும் ஸ்கேன் செய்வதைப் பற்றியும் இன்னும் சற்று விளக்க முடியுமா? சட்டமிட்ட ஒரு படம் கண்ணாடியோடு ஒட்டியும் போயிருக்கிறது. தேவையற்ற படங்களைக் கழித்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான், அது சரியா?

மறுமொழி 3

கழிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தின் கூடுதல் பிரதிகளை உடன்பிறந்தவர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிடலாம். அப்படிச் செய்தால் ஒரு வீட்டில் சேதம் நேர்ந்தாலும் மற்றொரு வீட்டில் படம் இருக்கும். வெறும் தெருவும் சுவருமாகத் தெரியும் படங்களை அவசரப்பட்டுத் தூக்கிப் போட வேண்டாம். மேலே ஒருவர் சொன்ன ஜன்னல் கம்பி அத்தகைய படத்தில்தான் மறுபடி அகப்படும்.

ஆல்பத்தில் ஒட்டியவற்றை விரலால் நெம்பி எடுக்கக் கூடாது. மெழுகு பூசாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் செலுத்தி, மூலையிலிருந்து மெதுவாக அறுப்பதுபோல் இழுத்தால் பல படங்கள் வந்துவிடும். நூல் தடைப்பட்டால் அங்கேயே நிறுத்திவிட்டு, பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

6 அங்குல நீளமும் 4 அங்குல அகலமும் உள்ள படத்தை 600 டிபிஐயில் (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் 3600க்கு 2400 பிக்சல் கிடைக்கும். இரு மடங்கு பெரிதாக அச்சிட்டாலும் தெளிவு குறையாது. உள்ளங்கையில் அடங்கும் சிறிய படங்களுக்கு 1200 வைக்கலாம். பின்புறத்தில் எழுத்தோ முத்திரையோ இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். கோப்பின் பெயரை உறையின் எண்ணில் தொடங்கினால், திரையில் காணும் படத்தின் அசலை அலமாரியில் உடனே எடுத்துவிடலாம். ஆண்டு வாரியா, ஆட்கள் வாரியா என்னும் உங்கள் கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. அசல் படங்கள் பழைய கட்டுகளாகவே இருக்கட்டும். கணினியில் பத்துப் பேருடைய பெயரையும் ஒரே கோப்பில் குறித்துவிட்டால், யாரைத் தேடினாலும் அந்தப் படம் வரும். கோப்புகளை மூன்று பிரதிகளாக, இரண்டு வகைச் சாதனங்களில் வைத்து, அவற்றில் ஒன்றை வேறொரு வீட்டில் வையுங்கள்.

கண்ணாடியோடு ஒட்டிய படத்தைப் பிரிக்க முயலவே வேண்டாம். படலம் கண்ணாடியிலேயே தங்கிவிடும். சட்டத்தை மட்டும் கழற்றி, கண்ணாடியின் வெளிப்புறத்தை உலர்ந்த மென்துணியால் துடைத்து, அப்படியே ஸ்கேனரில் கவிழ்த்து வையுங்கள். கண்ணாடியின் கனத்தால் படம் மங்கலாக விழுந்தால், ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில், பிரதிபலிப்பு விழாத கோணத்தில் நின்று கேமராவில் எடுத்துக்கொள்ளலாம். பிரித்தே ஆக வேண்டுமென்றால், அது புகைப்படப் பாதுகாப்பில் பயிற்சி பெற்ற ஒருவர் செய்ய வேண்டிய வேலை.