திட்டுக்குள் ரத்தம் ஓடுவதைப் பார்த்தவர்கள் உண்டா?

சாயக்குப்பி:
சுண்டெலியின் கண்ணில், கார்னியாவுக்குப் பின்னால் வைத்து வளர்த்த லாங்கர்ஹான்ஸ் திட்டு, அதாவது கணையத்தில் இன்சுலின் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கும் செல்கொத்து. ரத்தத்தில் சாயம் ஏற்றியாயிற்று. பிளாஸ்மா ஒளிர்கிறது, சிவப்பணுக்கள் கறுப்பு நிழலாக ஓடுகின்றன. ஒரே ஒரு தந்துகியில் மட்டும் அந்த வரிசை சட்டென்று நின்றது. அக்கம்பக்கத்தில் எல்லாம் ஓடுகிறது. அப்புறம் வந்த வழியே திரும்பிப் போனது! ரத்தம் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லிலிருந்து குளுகாகான் சுரக்கும் ஆல்ஃபா செல்லுக்கு ஓடும் என்று அம்புக்குறி போட்டுப் படித்தோமே, இதை எங்கே சேர்ப்பது?

சீவல்காரன்:
நான் பார்த்தது கணையச் சீவல்களில், எனவே ஓட்டம் இல்லை, குழாய் மட்டும்தான். நாரட்ரினலின் விட்டதும், பெரிசைட் (தந்துகியைச் சுற்றியிருந்து அதைச் சுருக்கும் செல்) கட்டிப்பிடித்திருந்த இடத்தில் மட்டும் தந்துகி ஒடுங்கியது. பீட்டா செல் இன்சுலினோடு ஏடிபியையும் விடும். அது அடினோசினாக உடைந்தால் பெரிசைட் தளரும். உங்களுடையதும் பெரிசைட் வேலைதான்.

ரெசின்:
நின்றதற்குச் சரி, திரும்பியதற்கும் பெரிசைட்டா? எலித் திட்டின் குழாய்களில் ரெசின் (இறுகும் பிசின்) செலுத்தி, திசுவைக் கரைத்தபின் எஞ்சிய குழாய்ப் பந்தைப் பார்த்திருக்கிறேன். அதிலிருந்து கிளைகள் நேராக, செரிமான நொதி சுரக்கும் அசினார் திசுவுக்குள் போயின. என் அனுபவம் அவ்வளவுதான்.

ஆனால் ஒன்று. எலியில் பீட்டா நடுவில், ஆல்ஃபா ஓரத்தில். மனிதத் திட்டில் இரண்டும் கலந்து கிடக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு என்பதற்கு என்ன அர்த்தம்? அந்த அம்புக்குறியை விடுங்கள். ஒரே திட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். சுண்டெலிக்குக் கொடுத்த மயக்கத்தின் ஆழத்தைக் குறித்து வையுங்கள். ரத்தச் சர்க்கரையையும் கூடவே அளங்கள், அது ஏறினாலே திட்டின் ரத்த ஓட்டம் கூடும். நுண்மணிகளை ஊசியில் ஏற்றி அளந்த கணக்கை இதோடு ஒப்பிடாதீர்கள். கணைய எடையில் 1-2 சதவீதமே உள்ள திட்டுகளுக்குக் கணைய ரத்தத்தில் சுமார் 10 சதவீதம் போகிறது என்பது மொத்தக் கணக்கு, தனித் தந்துகியைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

டித்திசோன்:
நீங்கள் திசைக்குச் சண்டை போடுகிறீர்கள். நோயாளிக்குப் பொருத்த நாங்கள் பிரித்தெடுக்கும் திட்டுக்கு ஓட்டமே கிடையாது. டித்திசோன் சாயம் விட்டால் உள்ளே இருக்கும் துத்தநாகத்தால் செக்கச்செவேல் என்று நிற்கும். திட்டுகள் பையிலிருந்து சொட்டுச் சொட்டாக, கல்லீரலுக்குப் போகும் போர்ட்டல் சிரைக்குள் இறங்குவதைப் பார்த்தபோது தோன்றியது இதுதான்: எல்லாத் தந்துகியும் அறுந்த நிலையில் போகிறது. புதுக் குழாய் முளைக்க இரண்டு வாரம்போல் ஆகும். அதுவரை சுற்றியுள்ள ரத்தத்திலிருந்து கசிந்து வரும் ஆக்சிஜன்தான்.

சாயக்குப்பி:
ரெசின், மயக்கம் காரணம் என்றால் பக்கத்துத் தந்துகிகளும் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. சீவல்காரன் சொன்னபடி அடுத்த முறை பெரிசைட்டுக்கும் நிறம் ஏற்றிப் பார்க்கிறேன்.