1950களில் கட்டிய மரப் படகு, குடும்பத்தோடு சுற்ற வாங்கலாமா?

மழைக்காதலன்:
சியாட்டில் லேக் யூனியனில் ஒரு மரப் படகு விலைக்கு வந்திருக்கிறது. 42 அடி, சியாட்டில் படகு வடிவமைப்பாளர் எட் மாங்க் போட்ட டிசைன், சிடார் பலகை, ஓக் விலாக்கட்டை, ஒற்றை டீசல் இன்ஜின். சுக்கான் அறை சுற்றிலும் கண்ணாடி போட்டு மூடியது, உள்ளே நீளமாக ஒரு பெஞ்ச், அதில் ஏறி உட்கார்ந்த என் மகள் இறங்க மாட்டேன் என்றுவிட்டாள். நாங்கள் நாலு பேர், கோடையில் மாமனார் மாமியாரும் வருவார்கள். சான் வான் தீவுகள், முடிந்தால் வடக்கே கனடாவின் டெஸலேஷன் சவுண்ட் வரை போக ஆசை. இதே நீள ஃபைபர் படகின் விலையில் பாதிகூட இல்லை, அதுதான் உதைக்கிறது.

பழைய டீசல்:
உதைக்கத்தான் செய்யும், மீதிப் பணம் பின்னால் போகும். மரத்தை மக்க வைப்பது கடல்நீர் இல்லை, மழைநீர். உப்பு இருந்தால் பூஞ்சை அவ்வளவாக வளராது. அதனால் அடிப்பாகத்தை மட்டும் பார்த்துவிட்டு வராதீர்கள். சுக்கான் அறை ஜன்னல்களின் கீழ் மூலை, மேல்தளமும் கேபின் சுவரும் சேரும் இடம், பின்பக்கப் பலகையின் ஓரங்கள், இங்கெல்லாம் பெயின்ட் கொப்பளித்திருந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். சின்னச் சுத்தியலால் தட்டினால் நல்ல மரம் 'டக்' என்னும், மக்கியது 'பொத்' என்னும். இத்தனை வருஷமும் கூரைக்குக் கீழே நின்ற படகா என்று கேளுங்கள், அந்த இடம் உங்கள் பேருக்கு மாறுமா என்றும்.

தீவுக்காரி:
முதலில் இன்சூரன்ஸுக்குப் போன் போடுங்கள். பழைய மரப் படகு என்றாலே பலர் கையை விரித்துவிடுவார்கள், எடுப்பவர்களும் படகைத் தண்ணீருக்கு வெளியே தூக்கிச் செய்த சர்வே, அதாவது பரிசோதனை அறிக்கை, கேட்பார்கள். மரம் தெரிந்த சர்வேயராகப் பிடியுங்கள். பலகையைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவில் நாலைந்தைக் கழற்றிப் பார்க்க விற்பவர் சம்மதிக்கவில்லையா, அத்தோடு விட்டுவிடுங்கள். ஓக் கட்டை வளைகிற இடத்தில்தான் விரிசல் விடும், டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்.

அப்புறம், இந்த மாதிரிப் படகு 8 நாட் (மணிக்குச் சுமார் 15 கி.மீ.) போனாலே பெரிசு. டிசெப்ஷன் பாஸ் என்ற குறுகிய நீர்வழியில் நீரோட்டமே அந்த வேகத்தை எட்டும், தண்ணீர் திரும்பும் நேரம் பார்த்துத்தான் நுழைய முடியும். அதுவரைக்கும் உங்கள் மாமியார் இரண்டு ரவுண்டு காபி போடலாம்.

வெள்ளைக்கொக்கு:
எனக்கு உடன்பாடில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வார்னிஷுக்கு எங்கே நேரம்? படகு கட்டும் கிராண்ட் பேங்க்ஸ் கம்பெனியே 1973ல் மரத்தை விட்டு ஃபைபருக்குப் போய்விட்டது.

மழைக்காதலன்:
சரி, ஸ்க்ரூ விஷயம் கேட்டேன், ஒத்துக்கொண்டார். ஆகஸ்டில் தூக்கலாம் என்கிறார்.

பழைய டீசல்:
தூக்கலாம், ஆனால் வெயிலில் நாள்கணக்கில் விடாதீர்கள். பலகை காய்ந்து சுருங்கினால் இடுக்கில் அடைத்த கலப்பத்து விலகிவிடும், திரும்ப இறக்கும்போது மரம் ஊறி இறுகும் வரை பம்ப் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.