சில்வராடோ 2005: கூலர் லைன் இரண்டும் கறள், நானே புதுசாகச் செய்து போடலாமா?

ஸ்காபரோ_சில்வராடோ

எல்லாருக்கும் வணக்கம். வாகனம் 2005 செவி சில்வராடோ 1500, 5.3 லிட்டர் இன்ஜின், 4எல்60-இ ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி. ஓடுவது கனடாவில் ஸ்காபரோவில், குளிருக்கு ரோட்டில் உப்புப் போடுகிற ஊர், அதனால் அடிப்பக்கம் எப்படியிருக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கியர்பெட்டி ஒயிலைக் குளிர்விக்க ரேடியேட்டருக்குக் கொண்டுபோய்த் திருப்பும் இரண்டு கூலர் லைனையும், ஒயில் பானுக்குப் பக்கத்தில் தகட்டுக் கிளிப் பிடித்திருக்கிற இடத்தில், கறள் தின்றுவிட்டது. தடவினால் செதில் செதிலாகக் கையோடு வருகிறது, செதிலுக்கு அடியில் சிவப்பாக ஒயில் கசிந்து நிற்கிறது.

போன குளிருக்கு முன்னால் ஒரு கராஜில் காட்டினேன். ஒரு லைனில் மோசமான துண்டை வெட்டி எடுத்துவிட்டு நடுவில் ரப்பர் ஹோஸ் மாட்டிக் கிளாம்ப் இறுக்கித் தந்தார்கள். இப்ப அந்த ஹோஸ் ஊதி மெத்தென்று ஆகிவிட்டது, இரண்டு முனையிலும் ஒழுகுகிறது. அதன் மேல் அச்சடித்திருப்பதைத் துடைத்து வாசித்தால் அது பெட்ரோலுக்கு உள்ள ஹோஸ்!

கடையில் வளைத்தே வரும் லைன் வாங்கலாம், ஆனால் அதுவும் இரும்புதான், இன்னும் சில வருடத்தில் இதே கதை. கோடையில் புல்வெட்டும் வேலைக்கு ட்ரெய்லர் இழுக்கிற வண்டி, கியர்பெட்டி போனால் தொழிலே நின்றுவிடும். அதனால் நல்ல குழாய் வாங்கி நானே வளைத்துப் போட நினைக்கிறேன். என்ன குழாய் எடுப்பது, முனைகளை எப்படி முடிப்பது, கம்ப்ரஷன் ஃபிட்டிங் (நட்டை இறுக்கினால் உள்ளே ஒரு வளையம் குழாயைக் கவ்விப் பிடிக்கும் இணைப்பு) தாங்குமா? செய்தவர்கள் சொல்லுங்கோ.

வின்னிபெக்_பழையவண்டி

தம்பி, தாராளமாகச் செய்யலாம். பிரேக் லைனில் மிதிக்கும்போது அழுத்தம் ஆயிரம் பி.எஸ்.ஐ.யைச் சுலபமாகத் தாண்டும், கூலர் லைனில் சாதாரணமாக நூறுக்குக் கீழேதான் நிற்கும், கடுங்குளிரில் ஒயில் தடித்திருக்கும்போது கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

ஆனால் அழுத்தம் குறைவுதானே, எப்படிப் போட்டாலும் பிடிக்கும் என்று மட்டும் நினைக்க வேண்டாம். வீட்டில் செய்த லைன் வெடித்ததை நான் பார்த்ததில்லை, அசைவிலும் உரசலிலும் போனதைத்தான் பார்த்திருக்கிறேன். இன்ஜினும் கியர்பெட்டியும் ரப்பர் மவுண்டில் உட்கார்ந்திருக்கின்றன, ட்ரெய்லரோடு மேட்டில் ஏறும்போது இரண்டும் சேர்ந்து ஒரு பக்கம் முறுகும், ரேடியேட்டரோ அசையாமல் முன்னால் நிற்கும். அந்த இரண்டுக்கும் இடையில் முழுக்க உலோகக் குழாயாகவே போட்டால் ஃபிளேர் வைத்த (வாயை விரித்த) கழுத்தில் ஒரு நாள் மயிரிழை போல வெடிப்பு விழும். கம்பெனி லைனில் ரேடியேட்டருக்குக் கிட்ட ரப்பர் துண்டு இருப்பது இதற்காகத்தான். அதேபோல உலோகப் பகுதியை இன்ஜினோடு சேர்த்துக் கிளிப் போட்டிருப்பார்கள், அது இன்ஜினோடு அசைய வேண்டும், ஃபிரேமோடு கட்டிவிடாதேங்கோ.

குழாய்க்கு நிக்கல்-செம்பு எடுங்கோ, 3/8 அங்குலம், 25 அடிச் சுருளாகக் கிடைக்கும். கிட்டத்தட்ட 90 பங்கு செம்பு, 10 பங்கு நிக்கல், உப்புக்கு அசையாது. வோல்வோ 1970களிலேயே பிரேக் லைனுக்கு இதைப் போடத் தொடங்கிவிட்டது. ஏசிக்குப் போடும் வெறும் செம்புக் குழாய் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிர்வில் அது இறுகி இறுகி முறிந்துவிடும்.

பழைய லைனை வெட்டாமல் முழுசாக வெளியே எடுக்கப் பாருங்கோ, வளைவெல்லாம் அதிலேயே இருக்கிறது. முடியாவிட்டால் தடித்த கம்பி ஒன்றை லைன் போகிற வழியே வளைத்து மாதிரி எடுங்கோ. சுருளைத் தரையில் உருட்டிப் பலகையால் அழுத்தினால் நேராகும். பெரிய வளைவு கையாலேயே வரும், சின்ன வளைவுக்கு வளைக்கும் கருவி (பெண்டர்) வேண்டும், நசுங்கினால் அந்தத் துண்டை எறிந்துவிட்டு வேறு வெட்டுங்கோ.

வாளால் அறுக்காதேங்கோ, உருட்டி வெட்டுகிற கட்டரில் மெதுவாக இறுக்கி இறுக்கி வெட்டி, உள்விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுங்கோ. பிறகு பிரேக் கிளீனர் அடித்துக் காற்றால் ஊதுங்கோ. கூலரிலிருந்து திரும்பும் ஒயில்தான் உள்ளே புஷ்ஷிங்குகளுக்கு (சுழலும் தண்டுகளைத் தாங்கும் வளையங்களுக்கு) மசகாகப் போகிறது, ஒரு துகள் போதும்.

மிசிசாகா_ஸ்பானர்

அந்த கராஜ்காரர்கள் செய்ததில் ஹோஸ் மட்டுமல்ல, வேறு பிழையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெட்டின குழாயின் முனையைப் பாருங்கள், வழுவழு என்று நேராக இருந்தால் எந்தக் கிளாம்பும் நீண்ட நாள் பிடிக்காது. முனையில் சின்ன வரம்பு ஒன்று வேண்டும். குழாயின் வாயை இரண்டு அழுத்தில் மடித்து விரிக்கும் டபுள் ஃபிளேர் கருவி இருக்கிறதுதானே, அதில் முதல் அழுத்தை மட்டும் அழுத்தி நிறுத்துங்கள், குழாயின் வாய் குமிழ் போலப் புடைத்து நிற்கும். அந்தக் குமிழ் முழுக்க ஹோஸுக்குள் போகட்டும், கிளாம்ப் அதற்குப் பின்னால் இறுக்க வேண்டும், குமிழ் மேலே இறுக்கினால் பயனில்லை.

ஹோஸில் எஸ்ஏஇ ஜே1532 என்று அச்சடித்திருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், அது ட்ரான்ஸ்மிஷன் ஒயில் கூலருக்கென்றே உள்ளது. பல் வெட்டு வழியே ரப்பரைக் கடிக்கும் கிளாம்பை விட, உள்பக்கம் வழுவழுப்பாக உள்ள ஃபியூல் இன்ஜெக்ஷன் கிளாம்ப் நல்லது. ஹோஸை எவ்வளவு குறைக்கலாமோ அவ்வளவு குறையுங்கள்.

கால்கரி_ஷெட்

கம்ப்ரஷன் ஃபிட்டிங் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஓட்டும் வழியில் லைன் உடைந்து வீடு வந்து சேர வேண்டும் என்றால் சரி, நிரந்தரமாக வேண்டாம் என்பது என் கருத்து. அழுத்தத்தை அது தாங்கும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மைனஸ் 30-லிருந்து 90 டிகிரி வரை தினமும் சூடும் குளிரும் மாறி, கூடவே அதிர்வும் இருந்தால், உள்ளே இருக்கும் வளையம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

முனைக்கு இரண்டு வழி இருக்கிறது. கியர்பெட்டியிலும் ரேடியேட்டரிலும் மாட்டும் குவிக் கனெக்ட் முனைகள் (தள்ளினால் கம்பிக் கிளிப்பில் பூட்டிக்கொள்பவை) துரு இல்லாமல் நன்றாக இருந்தால், அவற்றில் ஒரு சாண் நீளம் விட்டு வெட்டி, டபுள் ஃபிளேர் வைத்து யூனியனில் (இரண்டு குழாயை இணைக்கும் துண்டில்) புதுக் குழாயோடு சேர்க்கலாம். கம்பிக் கிளிப்பை மட்டும் புதிதாகப் போடுங்கள், பழையதைத் திரும்பப் போட்டு நடுரோட்டில் லைன் கழன்ற வண்டிகள் உண்டு.

இரண்டாவது, குவிக் கனெக்ட்டையே கழற்றிவிட்டு ஏஎன்-6 அடாப்டர் (3/8 அங்குலக் குழாயை நட்டால் இறுக்கும் முனை) போடுவது. நான் இதைத்தான் விரும்புவேன். ஆனால் இங்கேதான் ரொம்ப கவனம் வேண்டும்: 4எல்60-இ பெட்டியில் இருப்பது 1/4 என்பிஎஸ்எம், நேரான மரை. கடையில் சுலபமாகக் கிடைக்கும் 1/4 என்பிடி கூம்பு மரை. அதுவும் இரண்டு மூன்று சுற்று அழகாக உள்ளே போகும், அப்புறம் ஸ்பானர் போட்டு இறுக்கினால் ஆப்பு வைத்த மாதிரி அலுமினியப் பெட்டியே பிளந்துவிடும். பெட்டி போனால் லைன் செலவெல்லாம் ஒன்றுமே இல்லை. ரேடியேட்டர் பக்கம் மரை வேறாக இருக்கலாம், அதுவும் முன்பு எப்போதாவது மாற்றின ரேடியேட்டர் என்றால் கழற்றிப் பார்த்துவிட்டே வாங்குங்கள்.

ஏஎன் போட்டால் ஃபிளேர் 37 டிகிரி, சாதாரண வண்டிக் கருவி 45 டிகிரி. இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் கலந்து போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும். நட்டையும் ஸ்லீவையும் ஃபிளேர் வைப்பதற்கு முன்னாலேயே குழாயில் கோர்த்துவிடுங்கள்.

எக்ஸாஸ்டிலிருந்து லைனைத் தள்ளியே கொண்டு போங்கள். சூடான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் மேல் ஒயில் பீய்ச்சினால் தீப்பிடிக்கும், இதில் மட்டும் அலட்சியம் வேண்டாம். உலோகம் உலோகத்தைத் தொடும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது, ரப்பர் வைத்த பி-கிளிப் ஒன்றரை அடிக்கு ஒன்று போடுங்கள்.

ஸ்காபரோ_சில்வராடோ

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விளக்கமாக யாரும் சொன்னதில்லை. குவிக் கனெக்ட் முனைகளையும் கறள் விட்டுவைக்கவில்லை, அதனால் அடாப்டர்தான். நிக்கல்-செம்புக் குழாயும் என்பிஎஸ்எம் அடாப்டரும் ஓடர் செய்துவிட்டேன்.

இன்னொன்று. இதோடு முன்னால் தனிக் கூலர் ஒன்றும் மாட்டலாம் என்று இருக்கிறேன், ட்ரெய்லருக்காக. ரேடியேட்டரை விட்டுவிட்டு லைனை நேரே அதற்குக் கொண்டு போனால் குழாயும் மிச்சம், வேலையும் குறைவு. செய்யலாமா?

வின்னிபெக்_பழையவண்டி

எங்கள் ஊர்க் குளிரிலும் உங்கள் ஊர்க் குளிரிலும் வேண்டாம் தம்பி. ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் கோடையில் ஒயிலைக் குளிர்விக்கும், குளிர்காலத்தில் அதே இடம் ஒயிலைச் சூடாக்கும். அதை விட்டுவிட்டால் ஜனவரியில் நீண்ட நேரம் ஒயில் தடித்தபடியே ஓடும், கியர் மாறுவதும் முரண்டு பிடிக்கும். முதலில் ரேடியேட்டர், அங்கிருந்து தனிக் கூலர், பிறகு கியர்பெட்டி. எந்த லைன் போவது, எது திரும்புவது என்று கழற்றுவதற்கு முன்னாலேயே டேப் ஒட்டிக் குறித்து வையுங்கோ.

எல்லாம் மாட்டின பிறகு, திரும்பும் லைனைக் கடைசியாகப் பெட்டியில் இறுக்குவதற்கு முன், அதை ஒரு போத்தலுக்குள் விட்டு ஒராளை வைத்து இன்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்கோ. பார்க்கில் சும்மா ஓடும்போது 20 வினாடிக்குள் ஒரு குவார்ட் (கிட்டத்தட்ட ஒரு லிட்டர்) வர வேண்டும். வராவிட்டால் எங்கோ நசுங்கியிருக்கிறது, இல்லையென்றால் கூலருக்குள் அடைப்பு. ஒரு குவார்ட் வந்ததும் நிறுத்திவிடுங்கோ, பெட்டி காய விடக் கூடாது. வெளியே எடுத்ததையும் ஒழுகினதையும் டெக்ஸ்ரான் 6 ஒயிலால் நிரப்புங்கோ, உங்கள் வருடத்து வண்டிக்கு அது சரிவரும். அளவு பார்ப்பது நன்றாகச் சூடான பிறகு, சமதரையில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது.

மிசிசாகா_ஸ்பானர்

ஸ்டார்ட் பண்ணின உடனே அடியில் போய்ப் படுக்காதீர்கள். கீழே வெள்ளை அட்டை விரித்துவிட்டு அரை மணித்தியாலம் ஓடவிட்டுப் பாருங்கள், துளி விழுந்தால் எந்த இணைப்பு என்று அட்டையே காட்டும். ட்ரெய்லரோடு முதல் தரம் ஓடி வந்த பிறகும் ஒருமுறை எல்லா இணைப்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, குழாய் ஆறினதும் கிளாம்புகளைத் திரும்ப இறுக்குங்கள், புது ரப்பர் முதல் சூட்டில் கொஞ்சம் அமுங்கும்.